ஊளை

பதினெட்டு வருஷமாக
ஊளையை அடக்குவதுதான் என் தொழில்.
காது குத்து, கட்சிக் கூட்டம், கருமாதி,
அம்மாபேட்டையில் எந்தப் பந்தலானாலும்
மைக்கு ஸ்பீக்கரின் முகத்தைப் பார்த்தால் வீறிடும்.
அதற்கு முன்னால் என் கை திருகில் இருக்கும்.
சத்தத்துக்கு இல்லை,
சத்தம் கெடாமல் இருப்பதற்குக் காசு.

மார்ச்சில் நாலு பேர் வந்தார்கள், ரெண்டு ஸ்கூட்டியில்.
ராத்திரிக்கு மட்டும் குடோன் வேண்டும்.
பேண்டுங்கண்ணா.
கல்யாணத்துக்கா?
இல்லண்ணா, பாட்டு எடுக்க.
எந்தப் படம்?
படமில்லைங்க. எங்க பாட்டு.
பேர் 'கடைசி டவுன் பஸ்.'

டிரம்ஸ் நஸ்ரின்;
பகலில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கிராம் கணக்கு எழுதுகிறவள்.
கிடார் மாதேஷ், பாலிடெக்னிக், மூணு அரியர்.
பேஸ் வாசிக்கும் ரொசாரியோ ஏற்காட்டுக்காரன்,
மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு
என் பாக்ஸ்களின் மேலேயே தூங்குவான்.
தீர்த்தகிரி பாடுவான்
என்று சொல்ல வாய் வரவில்லை. கத்துவான்.
கத்தலுக்கு நடுவே எங்கேயோ சுருதி,
ரசத்தில் உப்பு மாதிரி,
இருக்கும்போது தெரியாது.

சுவரெல்லாம் ஷாமியானா துணி கட்டினோம்,
சிவப்பு மஞ்சள் சிவப்பு.
தகரக் கூரை, ஏப்ரல், ஃபேன் போடக் கூடாது.
பின்சுவரை ஒட்டி பவர்லூம்.
ஒரு மணிக்கு ஷிப்ட் மாறும்போது
பத்தே நிமிஷம் ஊர் வாயை மூடும்.
அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு பாட்டு.
தப்பினால் நாளைக்கு.
ஒன்பது பாட்டும் இப்படி
நாய் துரத்துகிற சைக்கிள் மாதிரி ஓடுவதற்கு
ஞானம் எதுவும் காரணமில்லை,
தறிக்காரர்களின் டீ நேரம்தான்.

நாலாவது பாட்டில்
மாதேஷ் கிடாரை அணைத்தபடி
ஆம்ப்ளிஃபயர் முன்னால் போய் நின்றான்.
கிளம்பிவிட்டது.
என் கை பாய்ந்தது.
நஸ்ரின் குச்சியை நீட்டினாள்:
அண்ணா, கையை எடுங்க.

எடுத்தேன்.
ஏழு நொடி.
தகரம் அதிர்ந்தது, பல் கூசியது,
யாரோ என் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி.
நான் கெட்ட வார்த்தை சொன்னதும்
ரெக்கார்டில் இருக்கிறது. எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

கார் ஸ்பீக்கரில் கேட்டால்தான்
பாட்டின் யோக்கியதை தெரியுமாம்.
என் ஆம்னியில் ஏற்காட்டுக்கு ஏறினோம்.
அடிவாரத்தில் முதல் பாட்டு.
மூணாவது கொண்டை ஊசியில் தீர்த்தகிரி
சொந்தக் குரல் தாங்காமல் முகத்தை மூடிக்கொண்டான்.
ஏழில் நஸ்ரின் டேஷ்போர்டில் அடித்த அடிக்கு
டப்பா திறந்து இன்ஷூரன்ஸ் காகிதம் பறந்து
சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்தது.
ஊளை வந்த வளைவில்
எதிரே காப்பி மூட்டை லாரி.
டிரைவர் ஹாரன் அடித்தான், அதே சுருதி,
கொஞ்சம் தாழ்த்தி.
ஒருத்தரும் பேசவில்லை.
அப்புறம் சிரித்த சிரிப்பில்
வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

'சில்லறை இல்லை' என்று ஆல்பத்துக்குப் பேர் வைத்தார்கள்.
முப்பத்தொரு நிமிஷம்.
வெளியான அன்று கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்;
ஆறு பேர் நானே, வேறு வேறு போனில்.
குடோன் வாடகை இன்னும் பாக்கி.
கேட்டால் பேரைக் காட்டுகிறார்கள்.

போன வாரம் கிச்சிப்பாளையத்தில் காது குத்து.
தாய்மாமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு
நேராக ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றார்.
கிளம்பிவிட்டது.
பழக்கம், கை திருகுக்குப் போனது.
போன கை
அங்கேயே இருந்தது.
ஒன்று. ஒன்றரை.
சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.
மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தை
அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு
வாய் திறந்தபடி
ஸ்பீக்கரைப் பார்த்தது.

அப்புறம்தான் குறைத்தேன்.